படுக்கத் திசையில்லாத பிணம்

நாடக அறையில் அன்று கூடியிருந்தவர்கள் இவர்கள்: கைப்பிடி உள்ள ஒரே கதிரையில் பாடசாலை அதிபர் பொன்னையா. அவருக்கு வலப்புறம், ஜன்னலோர வாங்கில், இறப்பர் பால் வெட்டும் இருளாண்டி. அதே வாங்கின் மறுமுனையில், நடுவே இரண்டு பேர் தாராளமாக உட்காரக்கூடிய இடத்தை மரியாதைக்காக விட்டு, மாரிமுத்துவின் அம்மா ராசம்மா. வாசலோரத்தில், பலாபத்வலைச் சந்தியில் கடையைத் திறந்தபடி விட்டு வந்தவர் என்பதால் பாதி உடம்பு வெளியே இருக்கும்படி, நிஸ்தாரின் வாப்பா ஜைனுதீன் நானா. பிள்ளைகள் ஏழு பேரும் தரையில். நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் நிஷாந்தி டீச்சருக்கு மட்டும் இடம் மிஞ்சவில்லை. கரும்பலகையில் சாய்ந்து நின்றாள். அவளுடைய நீலச் சேலையின் முதுகில் காலையில் எழுதிய பாடம் முழுவதும் ஒட்டிக்கொண்டது.

தரையில் இருந்த ஏழு பேரில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது ஆளான நிரோஜா நீளப் பலகை ஒன்றில் மல்லாந்து படுத்திருந்தாள். அவள்தான் பிணம்.

பிரச்சினையும் அவள்தான்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க," என்றார் நிரோஜாவின் அப்பா இருளாண்டி. "நாடகம் வேணாம்னு நான் சொல்லல்லைங்க. கன்னிப் புள்ளய பொணமா படுக்கவைக்க மனசு ஒப்பல்ல. நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவன், இந்தப் புள்ளயத்தானே அன்னிக்குப் பாடையில பாத்தோம்னு சொன்னா, நான் என்னங்க பதில் சொல்றது?"

நிஷாந்தி திகைத்தாள். இருளாண்டி அந்த இறப்பர்த் தோட்டம் முழுவதும் பேசாத மனிதர் என்று பேர் எடுத்தவர். பெற்றோர் கூட்டங்களில் தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போகிறவர். அப்படிப்பட்டவர் எழுந்து நின்று இவ்வளவு கோர்வையாகப் பேசினால், அவர் மனம் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்.

பிள்ளையை விட்டுவிட்டு நாடகத்தை நடத்தவும் வழியில்லை. கல்வி வலயப் போட்டிக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அவளுடைய வகுப்பில் இருந்ததே ஏழு பேர். அதிபர் பொன்னையா தவணைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார்: இந்த வருடம் வலயத்துக்கு ஒரு நாடகம் போகாவிட்டால், அடுத்த வருடம் நாடகப் பாடம் இல்லை. அறையில் கம்ப்யூட்டர் வைப்பார்கள். டீச்சரை, வலயம் எங்கே ஆள் இல்லை என்று சொல்கிறதோ அங்கே அனுப்புவார்கள். வலயம் எப்போதும் பஸ் போகாத இடத்தில்தான் ஆள் இல்லை என்று சொல்லும்.

இரண்டு பிள்ளைகளோடு தொடங்கிய வகுப்பு அது. தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாக ஏறி இறங்கி, நடித்தால் படிப்பு கெடாது என்று சத்தியம் செய்து, ஏழாக வளர்த்திருந்தாள்.

நாடகத்துக்குக் 'கடைசிப் பயணம்' என்று பெயர். விடுமுறை முழுவதும் உட்கார்ந்து அவளே எழுதியது. பாதை இல்லாத தோட்டத்தில் ஒருவர் இறந்துவிடுகிறார். நாலு பேர் பலகையில் தூக்கிக்கொண்டு மலை இறங்குகிறார்கள். இறங்க இறங்க, பாதை வராததற்கு யார் காரணம் என்று சண்டை பிடிக்கிறார்கள். எழுதும்போது இரண்டு இடத்தில் அவளுக்கே கண் கலங்கியது. பிணத்துக்கு நிரோஜாவைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணங்கள் இரண்டு. ஏழு பேரில் பாரம் குறைந்தவள் அவள். தெரிவு நாளில் அவள் பேசிய வசனம் இரண்டாவது வாங்கைத் தாண்டவில்லை. பேசாத பாத்திரம் ஒன்று கைவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று என்றே நிஷாந்தி நினைத்தாள்.

"சரி, சாகவேண்டாம்," என்றாள் இப்போது. "கடும் சீக்காளி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க. உசிரோடதான் இருக்கா. சரிதானே?"

இருளாண்டி சற்று நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

வீட்டுக்குப் போய்த் திருத்தி எழுதியபோதுதான், ஓர் உயிரைக் காப்பாற்றுவது எவ்வளவு வேலை என்று நிஷாந்திக்குத் தெரிந்தது. ஒப்பாரிக்கென்று பழக்கிய இரண்டு பிள்ளைகளையும் என்ன செய்வது? மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, 'சுகமாகித் திரும்பி வருவாய்' என்று சொல்லை மாற்றினாள். மறுநாள் அவர்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு, சுகமாகித் திரும்பி வருவாய் என்று கதறியதைக் கேட்டால், நல்ல சுகத்தோடு இருப்பவனும் எழுந்து போய் உயில் எழுதுவான். பாட்டையே வெட்ட வேண்டியதாயிற்று.

பாட்டு போகட்டும் என்று, வியாழக்கிழமை மண்டபத்தில் பெற்றோருக்கு ஒத்திகை காட்டினாள். மண்டபத்தின் மேற்கு முனையில் மேடை. பார்க்கிறவர்கள் கிழக்கே இருந்து மேற்கே பார்க்க வேண்டும். பலகையை மேடைக்குக் குறுக்காகப் போட்டு, நிரோஜாவின் தலையைத் தெற்கே வைத்தாள். இருளாண்டி மெதுவாக எழுந்தார்.

"தெக்க தலைங்க, டீச்சர்."

"உசிரோட இருக்கிறவங்களும் தெற்கே தலை வச்சுத்தானேண்ணே படுக்கிறாங்க?"

"வீட்டுப் பாயில படுக்கலாமுங்க. நாலு பேரு தோள்ல தூக்குற பலகையில தெக்க தலை வச்சா, அதுக்குப் பேரு வேறங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. பலகையைத் திருப்பினாள். தலை வடக்கே வந்தது. வந்த உடனே ராசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். மாரிமுத்து தொட்டிலில் கிடந்த காலத்திலேயே வடக்கே தலை திரும்பவிடாமல் வளர்த்ததைப் பற்றி நிறையச் சொன்னாள். "சீக்காளின்னா பொழைக்கணும்தானே டீச்சர். வடக்க தலை வச்சுத் தூக்கிட்டுப் போனா, ஆஸ்பத்திரிக்காரங்க பாவம் என்னதான் பண்ணுவாங்க?"

அதுவும் நியாயமாகப் பட்டது. இம்முறை பலகையை நீளவாக்கில் போட்டு, தலையைப் பார்வையாளர் பக்கமும் காலை மேடையின் பின்சுவர்ப் பக்கமும் வைத்தாள். ஜைனுதீன் நானா தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், தப்பா எடுக்க வாணாம். இப்ப கால் நீட்டி ஈக்கிறது கிப்லாப் பக்கம். நாங்க தொழுற பக்கம். எங்கட மகன்தான் முன்னுக்கு நின்டு தூக்குறான். வாப்பாக்காரன் நான் கண்ணால கண்டுட்டு வாய மூடிட்டு இருக்கேலாதே."

மிஞ்சியது ஒரே திசை. கால் கிழக்கே. அதற்கு யாருக்கும் ஆட்சேபணை இருக்க நியாயமில்லை என்று நிஷாந்தி நினைத்த அதே நேரத்தில், முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த அதிபர் பொன்னையா தன் மூக்குக்கு நேரே நிரோஜாவின் இரண்டு உள்ளங்கால்களையும் கண்டார்.

"டீச்சர், போட்டியன்னிக்கு இந்த இடத்தில யார் குந்துவாங்க? வலயக் கல்விப் பணிப்பாளர். அவருக்கு நேரே காலக் காட்டுறதா? நான் பென்சன் எடுக்க இன்னும் ரெண்டு வருசம் இருக்கு."

போட்டி இந்த மண்டபத்தில் இல்லை, மாத்தளையில், அங்கே மேடை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நிஷாந்தி எடுத்துச் சொன்னாள். பழக்கம் இங்கேதானே என்றார் இருளாண்டி. ஒரு மாதம் இங்கே தெற்கே தலை வைத்துப் படுத்துப் பழகிய பிள்ளை, மாத்தளைக்குப் போய் மாற்றிப் படுக்கவா போகிறது என்று கேட்டார். கடைசி முயற்சியாகப் பலகையை மூலைக்கு மூலையாகப் போட்டுப் பார்த்தாள். இம்முறை இரண்டிரண்டு பேராக எழுந்தார்கள்.

பலகையில் இருந்தபடியே வட்டம் சுற்றி வந்த நிரோஜா, கண்ணைத் திறக்காமல் இருந்தாள். பாத்திரத்தில் ஊறிப்போயிருக்கிறாள், பாவம், என்று நிஷாந்தி நினைத்தாள்.

படுத்தால்தானே திசை. உட்காரவைத்துவிட்டால்? அதிபரின் கைப்பிடிக் கதிரையைக் கெஞ்சி வாங்கி, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நாலு பேர் தோளில் ஏற்றினாள். மேலே உட்கார்ந்திருப்பவள் சீக்காளி என்று தெரியவேண்டாமா? செங்கமாரிக் காமாலை என்று வைத்து, முகத்தில் மஞ்சளை அள்ளிப் பூசினாள். குளிருக்கு ஒரு சிவப்புப் போர்வை. தூக்குகிறவர்கள் கால் பிசகாமல் இருக்க ஒரு பிள்ளை தப்பு அடித்தான். அவர்கள் அந்த அடிக்கு ஏற்றபடி, முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்று அசைந்து அசைந்து வந்தார்கள்.

மண்டபம் அமைதியாகிவிட்டது. நாடகம் எடுபட்டுவிட்டது என்று நிஷாந்திக்கு உடம்பு சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தால், வாளியோடு வந்த பாடசாலைச் சிற்றூழியர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ராசம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பியிருந்தாள்.

"நாலு பேரு தோள்ல, மஞ்ச மொகத்தோட, தப்பும் அடிச்சா," என்றார் ஜைனுதீன் நானா மிகவும் மரியாதையாக, "இது சீக்காளி இல்ல டீச்சர். சாமி ஊர்கோலம். மாத்தளைத் தேரை நான் சின்ன வயசில இருந்து கண்டு ஈக்கிறேன். ஒங்கட சாமிக்கு எங்கட மரியாதை எப்பவும் ஈக்கி. ஆனா மகன் தூக்கினா பள்ளிவாசல்ல என்ட மொகத்த வைக்க எடமில்ல."

"எங்க புள்ளயும் தூக்கக் கூடாதுங்க," என்றாள் ராசம்மா. "வெரதம் இல்லாம சாமி தூக்கலாமா? நேத்து எங்க வீட்டுல கருவாடு."

"அவ சாமி இல்ல," என்றாள் நிஷாந்தி. குரல் அவளையும் மீறி உயர்ந்தது. "மனுசி. சாதாரண மனுசி."

இருளாண்டி எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மனுசின்னா பேசணுமேங்க, டீச்சர். வாயே தொறக்காம ஒசக்க ஒக்காந்திருந்தா சாமின்னுதாங்க நெனைப்பாங்க."

அது நிஷாந்திக்குச் சுருக்கென்று பட்டது. பேசாத பாத்திரம் மேடையில் தெய்வமாகிவிடும் என்று பயிற்சிக் கல்லூரியில்கூட யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. சீக்காளிக்கு நாலு வசனம் எழுதினாள். நாலு போதாது, இன்னும் சாமியாகத்தான் தெரிகிறது என்றார்கள். எட்டு எழுதினாள். எட்டையும் நிரோஜா பேசி முடித்ததும், இவ்வளவு பேசத் தெம்பிருக்கிற ஆளை ஏன் தூக்க வேண்டும், இறங்கி நடக்கலாமே என்று இருளாண்டி கேட்டார். "நடக்கத் தெரிஞ்சும் நடக்காத ஆளு யாருங்க, டீச்சர்?"

அந்தக் கேள்வியோடுதான் அன்று அவள் பஸ் ஏறினாள். தோட்டத்துப் பாதையில் பஸ் குழிக்குக் குழி விழுந்து எழும்பியது. மூன்றாவது குழியில் அவளுக்குப் பதில் கிடைத்தது. பாதையைத் திறந்துவைக்க வருகிற பெரிய மனுசி. திறக்கிற இடத்துக்கு வரப் பாதை இல்லை. அதனால் நாலு பேர் கதிரையோடு தூக்கி வருகிறார்கள். அவள் மேலே இருந்தபடியே, தான் போட்டுத் தந்த பாதையைப் பற்றி வழி முழுவதும் பேசிக்கொண்டு வருகிறாள். கீழே தூக்குகிறவர்கள் அட்டைக் கடியோடு ஆமாம் போடுகிறார்கள். நிஷாந்தி தனியாகச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

இரண்டே நாளில் புது நாடகம் முடிந்தது. 'திறப்பு விழா' என்று பெயர் வைத்தாள். கண் கலங்குகிற இடம் ஒன்றுகூட இல்லை. அவளுக்கு அது வருத்தமாகவும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் இருளாண்டியும் ராசம்மாவும் ஜைனுதீன் நானாவும் கேட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்து, ஒன்றும் சொல்லவில்லை. எழுந்தது அதிபர்.

"பெரிய மனுசி எந்தக் கலர்ல சேலை கட்டுது?"

பச்சை என்றாள் நிஷாந்தி. பச்சை ஒரு கட்சி என்றார் பொன்னையா. நீலமும் ஒரு கட்சி. சிவப்பு கேட்கவே வேண்டாம். ஊதாவை நிஷாந்தி சொல்லி முடிக்கும் முன்பே அதிபர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். மஞ்சள் கட்டினால் மறுபடியும் சாமி. வெள்ளை கட்டினால் மறுபடியும் பொணம் என்று ராசம்மா நினைவூட்டினாள். கறுப்பு கட்டினால் யாருக்கோ எதிர்ப்புக் காட்டுவதாகப் போய்விடும் என்றார் அதிபர். மண்ணிறம்? அதில் ஒரு கட்சி இன்னும் இல்லைதான். ஆனால் தேர்தல் வருகிறதே, அதற்குள் ஒருவன் தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். ஒரு மணி நேரம் இப்படிப் போனது. முடிவில், எல்லா நிறத்திலும் ஒவ்வொரு முழத் துணி வாங்கி ஒன்றாகத் தைத்துக் கட்டுவது என்று தீர்மானமாயிற்று. அப்படிக் கட்டினால் யாருடைய கட்சி என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் அதிபர். எல்லாருடைய கட்சியும் என்று சொல்லலாமே என்று நிஷாந்தி நினைத்தாள், சொல்லவில்லை.

அந்தச் சேலையோடு நிரோஜா முதல்முறை கதிரையில் ஏறினாள். தோளில் தூக்கினார்கள். அவள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். கையை உயர்த்தினாள்.

"என் அன்பான மக்களே, நான் போட்ட பாதையில நீங்க எல்லாரும் சொகமா நடந்து வந்திருப்பீங்க."

இரண்டாவது வாங்கைத் தாண்டாத குரல், மண்டபத்தைத் தாண்டி, விளையாட்டு மைதானத்தைத் தாண்டி, மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவைத்தது. முன்னால் தூக்கிய நிஸ்தார் சிரிப்பை அடக்க முடியாமல் முழங்கால் மடங்கினான். கதிரை சாய்ந்தது. நிரோஜா சாய்ந்தபடியே, பாதையில் சிறு திருத்த வேலை இருப்பதாகவும், அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் அது சரியாகிவிடும் என்றும் அறிவித்தாள். அந்த வசனம் நிஷாந்தி எழுதியதே இல்லை. சிற்றூழியர் வாளியைக் கவிழ்த்துவைத்து அதன் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். அதிபர் பொன்னையாகூட, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சிரித்தார்.

ஒரு பாத்திரத்துக்குள் ஒளிந்திருந்த குரல், நல்ல ஆசிரியையின் கையில் எப்படி வெளியே வருகிறது என்பதை ஆசிரியர் அறையில் நிஷாந்தி அடக்கமாக விளக்கினாள். கஷ்டம் கொடுக்கிற பெற்றோரைப் பொறுமையாகக் கையாள்வது பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னாள்.

வலயத்துக்குக் கடிதம் எழுதும் பொறுப்பை அதிபர் எடுத்துக்கொண்டார். எதையும் இலக்கம் போட்டு எழுதுவதுதான் அவர் வழக்கம்.

'1. எமது முன்னைய கடிதத்தில் குறிப்பிட்ட 'கடைசிப் பயணம்' எனும் நாடகம் 'திறப்பு விழா' என மாற்றப்பட்டுள்ளது என்பதை அறியத்தருகிறேன்.

2. அக்கடிதத்தில் இறந்தவராகக் காட்டப்பட்ட மாணவி தற்போது பிரதம அதிதியாக உள்ளார்.

3. சோகம் நீக்கப்பட்டுள்ளது.

4. நாடகத்தில் வரும் சேலை எவரையும் குறிப்பதன்று.'

நிஷாந்தி ஒரு சொல்லும் மாற்றவில்லை. ஆறு பெற்றோர் அன்றே கையெழுத்து வைத்தார்கள். இருளாண்டி மட்டும் பால் நிறுக்கப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் போய்ச் சேரவேண்டும். சந்தித் தபாற்கந்தோருக்கு வரச் சொல்லி நிரோஜாவிடம் சொல்லி அனுப்பிவிட்டு, நிஷாந்தி காகித உறையைத் திறந்தபடியே எடுத்துக்கொண்டு போய்க் காத்திருந்தாள்.

வராமல் போனால்? இன்னொரு திசை கண்டுபிடித்துக்கொண்டு வந்தால்? கவுண்டர் மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது இருளாண்டி வந்தார். கையில் இறப்பர் பால் வாசம். பேனாவை வாங்கி, காட்டிய இடத்தில் பேசாமல் கையெழுத்து வைத்தார். நிஷாந்தி தாளை மடித்து உறைக்குள் போட்டாள். கவுண்டரில் இருந்த பசையைத் தடவி, மூடி, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தினாள். தபாலதிபர் முத்திரை குத்தினார். உறை பைக்குள் விழுந்தது.

நாடகப் பாடம் பிழைத்தது. அறை பிழைத்தது. எவ்வளவு முரண்டு பிடித்தாலும் கடைசியில் வழிக்கு வந்த மனிதர் என்று, இருளாண்டியிடம் நிஷாந்திக்கு ஒரு வாஞ்சைகூட வந்தது.

"ரொம்ப நன்றிண்ணே. இனி ஒங்களக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுக் கஷ்டப்படுத்த மாட்டேன்."

"கூப்பிடுங்க டீச்சர், வர்றோம்," என்றார் இருளாண்டி. "ரெண்டு நாள் முந்தியே சொல்லிருங்க, அவ்வளவுதான். எனக்கு, ராசம்மாவுக்கு, ஜைனுதீன் நானாவுக்குன்னு மூணு பேருக்கும் வசனம் சொல்லிக்குடுத்துப் பழக்கி எடுக்குறதுக்குள்ள நிரோஜாவுக்குத் தொண்டையே கட்டிப்போகுது. நம்ம அதிபர் சேர் ஒருத்தர் மட்டுந்தாங்க, அது சொல்லிக்குடுக்காமலே நடிச்சாரு."